எந்த நாட்டுக் கணக்கில் லாபம்?

ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் 1993-ஆம் ஆண்டுக்கு இரண்டு கணக்கு காட்டியது. ஜெர்மன் வணிகச் சட்டப்படி 61.5 கோடி மார்க் லாபம். அமெரிக்கத் தரநிலைப்படி 183.9 கோடி மார்க் நட்டம். விற்ற கார்கள் அவையேதான். ஆலைகளும் ஆட்களும் மாறவில்லை. இரண்டு கணக்குமே அந்தந்த நாட்டு விதிக்கு உட்பட்டவை. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் ஜெர்மன் நிறுவனம் அது. அங்கே நுழைய விரும்பும் வெளிநாட்டு நிறுவனம் தன் லாபத்தை அமெரிக்க முறைக்கு மாற்றி, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று இனம் இனமாகக் காட்ட வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. மற்ற ஜெர்மன் நிறுவனங்கள் அதற்கு உடன்படாமல் ஒதுங்கி நின்றன. டைம்லர் உடன்பட்டது.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான சுவாரசியம் இதற்கு அடுத்ததில் இருக்கிறது. நட்டம் காட்டிய அமெரிக்கக் கணக்கில்தான் பங்குதாரர்களின் சொந்த மூலதனம் அதிகம்: 2,600 கோடி மார்க்குக்கு மேல். லாபம் காட்டிய ஜெர்மன் கணக்கில் சுமார் 1,800 கோடிதான். நட்டக் கணக்கில் சொத்து எப்படி அதிகமாக இருக்க முடியும்?

விடை முந்தைய நல்ல ஆண்டுகளில் இருக்கிறது. வருமானம் கொழித்த காலத்தில் டைம்லர் "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய பெரிய ஒதுக்குகளைச் செய்து வைத்திருந்தது. ஜெர்மன் சட்டம் அதை அனுமதித்தது மட்டுமல்ல, விவேகம் என்று பாராட்டவும் செய்தது. 1993-இல் கார் சந்தை படுத்தபோது அந்த ஒதுக்குகளை மெல்ல அவிழ்த்து லாபத்தில் சேர்த்தார்கள். அமெரிக்க விதியோ, கடப்பாடு நேர்வதற்கு வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும், தொகையையும் ஓரளவு மதிப்பிட முடிய வேண்டும், அப்போதுதான் ஒதுக்கு என்கிறது. ஆகவே அந்தக் கணக்கில் அந்தப் பணம் பழைய ஆண்டுகளிலேயே லாபமாகி, மூலதனத்தில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. கெட்ட ஆண்டில் எடுத்து நீட்ட ஒன்றும் மிச்சமில்லை. கெட்ட ஆண்டு கெட்ட ஆண்டாகவே தெரிந்தது.

நாடுகளின் கணக்கியல் தரநிலைகள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்கு இந்த ஓர் உதாரணத்திலேயே முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும். கணக்கு யார் படிப்பதற்காக எழுதப்படுகிறது என்பதுதான் அடிப்படை. அதைவிட முக்கியமான இன்னொன்றை இந்தக் கட்டுரை சொல்ல முயல்கிறது. ஐம்பதாண்டு ஒருங்கிணைப்பு முயற்சிக்குப் பிறகும் இந்த வேறுபாடுகள் ஒழிந்துவிடவில்லை. விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கிளம்பி விதிவிலக்குகளுக்கும், ஒத்திவைப்புகளுக்கும், அமலாக்கத்துக்கும் குடிபெயர்ந்திருக்கின்றன. முன்பு பளிச்சென்று தெரிந்தவை இப்போது தேடிப் படித்தால்தான் தெரியும்.

கணக்கைப் படிப்பவர் யார்?

அன்றைய ஜெர்மனியில் பெரிய நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தவை வங்கிகள். டைம்லரில் கால்வாசிக்கும் மேற்பட்ட பங்கு டாய்ச்ச வங்கியிடம் இருந்தது. மேற்பார்வைக் குழுவின் தலைவர் நாற்காலியும் அந்த வங்கிக்காரரிடம்தான். உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பவருக்கு ஆண்டறிக்கை எதற்கு? அவருக்கு வேண்டியது கடன் திரும்பி வரும் என்ற உறுதி. லாபத்தைக் குறைத்துக் காட்டினால் ஈவுத்தொகையாகப் பணம் வெளியே போவதும் குறையும். போதாக்குறைக்கு வரிக் கணக்கும் வணிகக் கணக்கை ஒட்டியே போக வேண்டும் என்ற விதி. லாபத்தை அடக்கி வாசிக்க எல்லோருக்கும் காரணம் இருந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே முதல் போட்டவர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த பங்குதாரர்கள். நிறுவனத்தின் உள்ளே அவர்களுக்கு ஆள் கிடையாது. 1929 சரிவுக்குப் பிறகு 1933, 1934-இல் பங்குச் சட்டங்கள் வந்தன, செக் எனப்படும் பங்குச் சந்தை ஆணையம் பிறந்தது. 1920-களில் நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை இஷ்டத்துக்கு மறுமதிப்பீடு செய்து ஊதிப் பெருக்கியதைக் கண்டு நொந்த ஆணையம், வாங்கிய விலைக்கு மேல் சொத்தை ஏற்றிக் காட்டும் பழக்கத்தையே நடைமுறையில் ஒழித்துக்கட்டியது. இன்றும் அமெரிக்கக் கணக்கில் நிலமும் கட்டடமும் வாங்கிய விலையில்தான் நிற்கும். அப்படிப்பட்ட சரிவுப் பாடம் இல்லாத பிரிட்டன் மறுமதிப்பீட்டைச் சாதாரணமாக ஏற்றது. அதன் வழியே இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. சர்வதேசத் தரநிலையிலும் இடம் பிடித்தது. பிரான்ஸில் போருக்குப் பின் 1947-இல் அரசே நாடு முழுவதற்கும் ஒரே கணக்குப் பட்டியலை வகுத்தது. பொருளாதாரத் திட்டமிடலுக்குப் புள்ளிவிவரம் வேண்டும் என்பது அங்கே முதல் தேவை.

இந்த வேறுபாடுகளை வகைப்படுத்தியவர்களில் பிரிட்டிஷ் அறிஞர் கிறிஸ்டோபர் நோப்ஸ் முக்கியமானவர். மதம், பண்பாடு, சட்ட மரபு என்று பலரும் பல காரணம் சொன்னபோது, நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையே அவர் மையக் காரணமாக நிறுத்தினார். வெளியார் பங்கு முதலீடு வலுவாக இருக்கும் நாடுகள் ஒரு பக்கம், வங்கியும் குடும்பமும் அரசும் பணம் போடும் நாடுகள் மறுபக்கம். எனக்கு இது பெருமளவு சரியாகவே படுகிறது. ஆனால் வேறுபாடு ஏன் பிறந்தது என்பது ஒரு கேள்வி, ஏன் இன்னும் சாகவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பல இடங்களில் ஒரே பதில்தான்: வரி.

சரக்கிருப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு எண்ணெய் நிறுவனம் எப்போதோ ஒரு பீப்பாயை 40 டாலருக்கும், நேற்று இன்னொன்றை 80 டாலருக்கும் வாங்கியது. இன்று ஒன்றை 90 டாலருக்கு விற்கிறது. எதை விற்றதாக எழுதுவது? முதலில் வந்தது முதலில் போனது என்றால் லாபம் 50 டாலர். கடைசியில் வந்தது முதலில் போனது, அதாவது லைஃபோ முறை என்றால் 10 டாலர். தொட்டிக்குள் எண்ணெய் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கிறது. இது முழுக்க முழுக்கக் காகிதத்தில் எடுக்கும் முடிவு. சர்வதேசத் தரநிலை 2005 முதல் லைஃபோவைத் தடைசெய்துவிட்டது. அமெரிக்காவோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எக்ஸான்மொபில் இன்றும் அந்த முறைக்காரர்தான். விலைவாசி ஏறும் காலத்தில் லாபம் குறைந்தால் வரியும் குறையும். 1930-களின் கடைசியில் அமெரிக்க வரிச் சட்டம் இந்த முறையை ஏற்றபோது, வரிக்கு லைஃபோ என்றால் பங்குதாரருக்குக் காட்டும் கணக்கிலும் லைஃபோதான் என்று கட்டிப்போட்டது. அந்த ஒரு முடிச்சுதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. அமெரிக்கா நாளைக்கே சர்வதேசத் தரநிலைக்கு மாறினால், பல பத்தாண்டுகளாகத் தள்ளிப்போட்ட வரியை இந்த நிறுவனங்கள் கட்ட நேரும். ஒபாமா அரசின் பட்ஜெட் முன்மொழிவுகளில் லைஃபோவை நீக்கும் யோசனை இடம்பெற்றது. காங்கிரஸ் அதைத் தொடவில்லை.

செலவா, சொத்தா?

புதிய மாடல் கார் ஒன்றை வடிவமைக்க ஆகும் பணத்தை அந்த ஆண்டின் செலவாக எழுதுவதா, எதிர்காலத்தில் பலன் தரும் சொத்தாக எழுதுவதா? அமெரிக்கா 1974-இல் ஒரே போடாகப் போட்டது: ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் ஆகும் பணம் எல்லாம் செலவு. மென்பொருள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. சர்வதேசத் தரநிலையும் அதை ஒட்டிய இந்தியத் தரநிலையும் ஆராய்ச்சியைச் செலவு என்கின்றன. தொழில்நுட்ப ரீதியில் சாத்தியம், விற்கும் நோக்கம், பலன் வரும் என்ற நம்பிக்கை போன்ற நிபந்தனைகள் நிறைவேறிய பின் ஆகும் மேம்பாட்டுச் செலவைச் சொத்தாக்கச் சொல்கின்றன. அதனால் ஃபோர்டையும் பிஎம்டபிள்யூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லாபத்தை ஒப்பிடுபவர், முதலில் இந்த இனத்தைச் சரிக்கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும்.

சொத்தாக எழுதினால் இன்றைய லாபம் பார்க்க நன்றாக இருக்கும். அந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. 2019 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் அதைக் கண்டது. அதன் ஜாகுவார் லேண்ட் ரோவர் பிரிவு, சொத்தாக எழுதி வைத்திருந்த மேம்பாட்டுச் செலவுகள் உள்ளிட்டவற்றின் மதிப்பை 310 கோடி பவுண்டு குறைத்தது. அந்த ஒரே காலாண்டில் டாடா மோட்டார்ஸின் நட்டம் சுமார் 27,000 கோடி ரூபாய்; அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரு காலாண்டில் அவ்வளவு நட்டம் காட்டியதில்லை. பணம் அந்தக் காலாண்டில் போகவில்லை, எப்போதோ போய்விட்டது. அமெரிக்க முறையில் மேம்பாட்டுச் செலவு வந்த ஆண்டுகளிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வலித்திருக்கும். இந்த இனத்தில் என் ஓட்டு அமெரிக்காவுக்கு. சொத்தாக்குவதில் தர்க்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "பலன் வரும்" என்று தீர்மானிப்பவரே லாபத்தைப் பொறுத்துப் போனஸ் வாங்குபவராக இருக்கும்போது அந்தத் தர்க்கத்தை நான் முழுதாக நம்பத் தயாரில்லை.

நற்பெயர் எனப்படும் இனம் இதைவிடப் பெரியது. ஒரு நிறுவனத்தை அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கினால், அந்த உபரித்தொகை நற்பெயர் என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏறும். ஜப்பானிய முறை அதை அதிகபட்சம் 20 ஆண்டுகளில் தேய்த்துத் தீர்க்கச் சொல்கிறது. அமெரிக்கா 2001-லும் சர்வதேச வாரியம் 2004-லும் தேய்மானத்தைக் கைவிட்டு, ஆண்டுதோறும் மதிப்பு குறைந்திருக்கிறதா என்று சோதித்தால் போதும் என்றன. ஜப்பானின் டகேடா மருந்து நிறுவனம் 2019 ஜனவரியில் ஷயர் நிறுவனத்தை வாங்கி முடித்தபோது, அதன் நற்பெயர் 4 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. டகேடா சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றுவதால் தேய்மானம் இல்லை. உள்நாட்டு முறையில் 20 ஆண்டுக்குப் பிரித்திருந்தால் ஆண்டுக்குக் குறைந்தது 20,000 கோடி யென் செலவு எழுத நேர்ந்திருக்கும். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அது காட்டிய நிகர லாபம் 14,400 கோடி யென். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த ஆண்டு லாபமே தரநிலையின் தயவு.

ஜப்பானில் இதற்குச் சட்டப்படியே வழி திறந்திருக்கிறது. உள்நாட்டு முறை, அமெரிக்க முறை, சர்வதேச முறை, 2015-இல் வந்த திருத்திய சர்வதேச முறை என்று நான்கு முறைகள் அங்கே செல்லும். வெளிநாட்டில் பெரிய பெரிய நிறுவனங்களாகப் பார்த்து வாங்கும் ஜப்பானிய நிறுவனங்களுக்குச் சர்வதேசத் தரநிலை மீது வந்த காதலுக்கு, உலகமயம் மட்டும் காரணமல்ல. நற்பெயரை மீண்டும் தேய்ப்பதா என்று அமெரிக்க, சர்வதேசத் தரநிலை வாரியங்கள் இரண்டும் ஆண்டுக்கணக்கில் விவாதித்தன. 2022 ஜூனில் அமெரிக்க வாரியம் அந்தத் திட்டத்தையே மூட்டை கட்டியது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேச வாரியமும் இருப்பதே இருக்கட்டும் என்றது.

சிறிய வேறுபாடுகள் இன்னும் எத்தனையோ. மதிப்பு குறைத்த சொத்து பிறகு மீண்டால் சர்வதேச முறையில் ஏற்றி எழுதலாம், நற்பெயர் மட்டும் விலக்கு. அமெரிக்காவிலும் சீனாவிலும் ஏற்றக் கூடாது. குத்தகையில் சர்வதேச முறை 2019 முதல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடனாக்கிவிட்டது. அமெரிக்கா கடனைக் காட்டச் சொல்லிவிட்டு, செலவை மட்டும் பழையபடி சமமாகப் பரப்ப விட்டது. கொடுத்த வட்டியை ரொக்க ஓட்ட அறிக்கையில் எந்தத் தலைப்பில் போடுவது என்பதில் அமெரிக்கா ஒரு விடை சொல்கிறது, இந்தியா வேறொரு விடை சொல்கிறது, சர்வதேசத் தரநிலை உங்கள் விருப்பம் என்று இதுவரை விட்டு வைத்திருந்தது. 2027-இல் நடைமுறைக்கு வரும் புதிய தரநிலை அந்த விருப்பத்தைப் பெரும்பாலும் பறித்துவிடும்.

ஒருங்கிணைப்பும் அதன் ஓட்டைகளும்

1973 ஜூனில் ஒன்பது தரப்புகளின் கணக்காளர் அமைப்புகள் லண்டனில் கூடிச் சர்வதேசக் கணக்கியல் தரநிலைக் குழுவை அமைத்தன. ஹென்றி பென்சன் அதன் முதல் தலைவர். தொடக்க கால விதிகள் யாரையும் நோகடிக்காதவை. ஒரே இனத்துக்கு இரண்டு மூன்று முறைகளை வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றன. 2001-இல் அது முழுநேர வாரியமாகி, டேவிட் ட்வீடி தலைமைக்கு வந்த பிறகுதான் பல் முளைத்தது. 2002-இல் இரண்டு பெரிய நிகழ்வுகள்: 2005 முதல் பட்டியலிட்ட நிறுவனங்களின் ஒருங்கிணைந்த கணக்குகள் சர்வதேசத் தரநிலைப்படிதான் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது, நார்வாக் நகரில் அமெரிக்க வாரியமும் சர்வதேச வாரியமும் ஒன்றிணைந்து போக ஒப்பந்தம் செய்தன. 2007-இல் செக் ஆணையம், சர்வதேசத் தரநிலையை மாற்றமின்றிப் பின்பற்றும் வெளிநாட்டு நிறுவனங்கள் இனி அமெரிக்க முறைக்கு மாற்றிக் காட்ட வேண்டியதில்லை என்றது. டைம்லர் அன்று போட்ட இரட்டைக் கணக்குக்கு அவசியமில்லாமல் போனது. அமெரிக்காவே மாறிவிடும் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. 2012-இல் ஆணையத்தின் ஊழியர் அறிக்கை எந்தப் பரிந்துரையும் செய்யாமல் முடிந்தது. அத்தோடு அந்தப் பேச்சும் அடங்கியது.

வெளியிலிருந்து பார்த்தால் இது வெற்றிக் கதை. ஆனால் முதல் ஓட்டையைப் போட்டது ஐரோப்பாவேதான். நிதிக் கருவிகளை நியாய மதிப்பில் காட்டும் விதி பிரெஞ்சு வங்கிகளுக்குப் பிடிக்கவில்லை. அதிபர் சிராக்கே 2003-இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ப்ரோடிக்குக் கடிதம் எழுதினார். 2004-இல் அந்தத் தரநிலையின் சில பகுதிகளை வெட்டிவிட்டுத்தான் ஐரோப்பா ஏற்றது. 2008 அக்டோபரில் நெருக்கடி முற்றியபோது, வங்கிகள் சில சொத்துகளைச் சந்தை விலை வகையிலிருந்து வேறு வகைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுவும் ஜூலை 1 முதல் முன்தேதியிட்டே மாற்றலாம் என்று வாரியம் வழக்கமான பொது விவாதம் எதுவுமின்றி அவசர அவசரமாகத் திருத்தம் செய்தது. ஐரோப்பிய அரசியலின் நெருக்குதல்தான் காரணம் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. ஜெர்மனியில் இன்றும் நிறுவனத்தின் தனிக் கணக்கு பழைய வணிகச் சட்டப்படிதான். ஈவுத்தொகை அதிலிருந்துதான் தீர்மானமாகிறது. உலக முதலீட்டாளருக்கு ஒரு புத்தகம், பணம் பிரிக்க இன்னொரு புத்தகம்.

இந்தியா எடுத்த வழி இன்னும் சுற்றுவழி. 1977-இல் பட்டயக் கணக்காளர் கழகம் தரநிலை வாரியம் அமைத்ததிலிருந்து உள்நாட்டுத் தரநிலைகள் உண்டு. 2015 பிப்ரவரியில் 'இண்ட் ஏஎஸ்' எனப்படும் புதிய தொகுப்பு அறிவிக்கப்பட்டது. 500 கோடி ரூபாய்க்கும் மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் முதலும், மற்ற பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும் 250 கோடி தாண்டியவற்றுக்கும் 2017 ஏப்ரல் முதலும் கட்டாயம். சர்வதேசத் தரநிலையோடு இணக்கம் என்றுதான் அரசு சொன்னது, அப்படியே ஏற்றதாகச் சொல்லவில்லை. அதனால்தான் நியூயார்க்கிலும் பட்டியலாகியிருக்கும் இன்ஃபோசிஸ் ஒவ்வொரு காலாண்டும் சர்வதேசத் தரநிலைப்படி ஒரு கணக்கும் இண்ட் ஏஎஸ்படி ஒரு கணக்கும் வெளியிடுகிறது.

விலக்குகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். வேளச்சேரியில் ஒரு வணிக வளாகம் கட்டி வாடகைக்கு விடும் நிறுவனம், இந்திய விதிப்படி அதை அடக்கவிலையில் வைத்துத் தேய்மானம் கழிக்க வேண்டும். சந்தை மதிப்பைக் குறிப்பில் மட்டும் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் அதே கட்டடத்தின் விலையேற்றம் பெரும்பாலும் நேரே லாபத்தில் விழும். ரியல் எஸ்டேட் இறங்கும் ஆண்டில் வாடகை குறையாமலே நிறுவனம் நட்டம் காட்டும். நம்மூர் நில மதிப்பீடுகளின் லட்சணம் தெரிந்த யாரும் இந்திய விலக்கைக் குறை சொல்ல மாட்டார்கள். திவால் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தை மலிவாக வாங்கினால் வரும் ஆதாயத்தையும் சர்வதேச முறை லாபத்தில் சேர்க்கிறது, இந்தியா மூலதனக் காப்பில் ஒதுக்கி வைக்கிறது. இதுவும் நியாயமே.

அந்நியச் செலாவணி விஷயம் அப்படியல்ல. 2008 மார்ச் இறுதியில் ஒரு டாலர் சுமார் 40 ரூபாய். ஓராண்டில் 51-ஐ நெருங்கியது. பத்து கோடி டாலர் கடன் வாங்கி இயந்திரம் போட்ட ஒரு நிறுவனத்துக்குக் கடன் 400 கோடியிலிருந்து 510 கோடி ரூபாயாக ஏறியிருக்கும். அந்த 110 கோடி ரூபாயை நட்டமாக எழுத வேண்டும் என்பது அன்றைய ஏஎஸ் 11 விதி. நிதியாண்டின் கடைசி நாளான 2009 மார்ச் 31-ஆம் தேதி அரசு ஒரு அறிவிக்கை போட்டது: அந்த நட்டத்தை இயந்திரத்தின் விலையோடு சேர்த்து, ஆண்டாண்டாகத் தேய்த்துக்கொள்ளலாம். ரூபாய் விழுந்ததால் இயந்திரத்தின் மதிப்பு ஏறிவிடுமா என்ன? ஆட்டைத் தூக்கி மாட்டில் போடும் வேலைதான். முதலில் குறிப்பிட்ட காலத்துக்கு என்று வந்த சலுகை பிறகு நீட்டிக்கப்பட்டது. இண்ட் ஏஎஸ் வந்தபோதும் பழைய கடன்களுக்கு அந்தப் பழக்கத்தைத் தொடரலாம் என்று இடம் விடப்பட்டது. ரூபாய் சரியும் ஆண்டுகளில் கடன் சுமந்த நிறுவனங்களின் லாபத்தைப் பார்த்து முதலீடு செய்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் படித்தார்கள்?

இலங்கை 2012 முதல் சர்வதேசத் தரநிலையை ஒட்டிய எஸ்எல்எஃப்ஆர்எஸ் முறைக்கு மாறிய நாடு. நம்மைவிட நேராக ஏற்ற நாடு என்றே சொல்லலாம். 2022 நெருக்கடியில் அங்கேயும் ஒரு ஜன்னல் திறந்தது. வரிக்குரிய ஆண்டு வருமானம் 200 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மீது 25 சதவீத மிகைவரி முன்தேதியிட்டு விதிக்கப்பட்டபோது, அதை லாப நட்டக் கணக்கில் செலவாகக் காட்டாமல் தொடக்க நிலுவை லாபத்திலிருந்து நேரே கழித்துக்கொள்ள இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் மாற்று நடைமுறை ஒன்றை வெளியிட்டது. வரி போனது போனதுதான். அந்த ஆண்டின் பங்கொன்றுக்கான லாபத்தில் மட்டும் அது தெரியவில்லை.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. தோட்டப் பயிர்களை ஆண்டுதோறும் நியாய மதிப்பில் எழுத வேண்டும் என்ற சர்வதேச விதியை மலேசியாவின் செம்பனைத் தோட்ட நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. பழம் தரும் மரம் ஒரு உற்பத்திச் சாதனம், அதைச் சந்தையில் விற்கும் சரக்கு போல மதிப்பிடுவது அபத்தம் என்பது அவர்கள் வாதம். மலேசியா மற்ற நிறுவனங்களை 2012-இல் மாற்றியபோதும் தோட்டத் துறைக்கு 2018 வரை அவகாசம் கொடுத்து, சர்வதேச வாரியத்தை விடாமல் நெருக்கியது. 2014-இல் வாரியம் இறங்கி வந்து விதியைத் திருத்தியது. அதன் பலன் வால்பாறை வரை எட்டியது: இந்திய விதியிலும் இப்போது தேயிலைச் செடி நிலைச்சொத்து, தேய்மானத்துக்கு உட்பட்டது. அதன் மேல் பறிக்காமல் நிற்கும் கொழுந்து மட்டும் மார்ச் 31 அன்று நியாய மதிப்பில் கணக்கேறும்.

விதி ஒன்று, அமல் வேறு

விதி ஒன்றாகிவிட்டால் கணக்கும் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கையை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. ரே பால், அஷோக் ராபின், ஜோஆனா வூ மூவரும் ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளின் நிறுவனக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். விதிகள் பிரிட்டிஷ், அமெரிக்க, சர்வதேச மரபில் வந்த தரமான விதிகள். நட்டத்தை உரிய நேரத்தில் காட்டும் விஷயத்தில் மட்டும் அந்த மரபின் அடையாளம் தெரியவில்லை. கணக்கை எழுதுபவருக்கும் தணிக்கை செய்பவருக்கும் உள்ள ஊக்கங்களே தரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் முடிவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் சொல்வதைத்தான் அவர்கள் புள்ளிவிவரத்தோடு சொன்னார்கள்.

சத்யம் இதற்குக் கொடூரமான சாட்சி. நியூயார்க்கில் பட்டியலான அந்த நிறுவனம் இந்திய முறையிலும் அமெரிக்க முறையிலும் கணக்கு கொடுத்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் நிறுவனர் எழுதிய கடிதத்தில், காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். வங்கியில் பணம் இருக்கிறதா என்பதில் உலகின் எந்த இரு தரநிலைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தணிக்கைக்குத் தனிக் கண்காணிப்பு அமைப்பாக என்எஃப்ஆர்ஏ வர 2018 ஆனது.

இவ்வளவையும் விட, ஒரே நாட்டுக்குள் இருக்கும் பிளவுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. இந்திய வங்கிகள் இன்னும் இண்ட் ஏஎஸ் எல்லைக்குள் வரவில்லை. 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மறு அறிவிப்பு வரை ஒத்திவைத்தது. வங்கியல்லா நிதி நிறுவனங்களில் பெரியவை 2018 ஏப்ரலிலேயே உள்ளே வந்துவிட்டன. நாமக்கல்லில் ஒருவர் இரண்டு லாரி வாங்குகிறார், ஒன்றுக்கு வங்கிக் கடன், மற்றதற்கு நிதி நிறுவனக் கடன் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கிடைக்காமல் இரண்டிலும் தவணை தவறுகிறது. முப்பது நாள் தாண்டினாலே நிதி நிறுவனம் அந்தக் கடனை இரண்டாம் நிலைக்கு நகர்த்தி, கடன் காலம் முழுவதிலும் எதிர்பார்க்கும் இழப்புக்கு ஒதுக்கு எழுத வேண்டும். லாரியின் மறுவிற்பனை விலை, அந்த வட்டாரத்தில் இதுபோன்ற கடன்கள் முன்பு எப்படி வசூலாயின, டீசல் விலை எப்படிப் போகும் என்பதெல்லாம் கணக்கில் வரும். வங்கிக்கு அந்த நாளில் அது இன்னும் நல்ல கடன்தான். கடன் வகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 0.25 முதல் 1 சதவீதம் வரை ஒதுக்கு போதும். தொண்ணூறு நாள் கடந்த பிறகே வாராக்கடன். பிணையுள்ள கடனுக்கு அப்போது 15 சதவீதம். கடனாளி ஒருவர், நாள் ஒன்று, இழப்பு இரண்டு.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இழப்பைக் கணிக்க நிதி நிறுவனம் வைத்திருக்கும் மாதிரி குறைவான ஒதுக்கைக் காட்டினால், ரிசர்வ் வங்கியின் பழைய சூத்திரப்படி போட்டுப் பார்த்து, குறைவு எவ்வளவோ அதைத் தனிக் காப்பில் வைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் உத்தரவு வந்தது. புதிய முறை வந்தும் பழைய முறை போகவில்லை. ஒவ்வொரு நிதி நிறுவனமும் இரண்டையும் போட்டுப் பார்க்கிறது. மாதிரிகள் மீது ஒழுங்காற்று அமைப்புக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த அவநம்பிக்கை தப்பு என்றும் சொல்லத் தோன்றவில்லை.

வங்கிகளுக்கும் எதிர்பார்க்கும் இழப்பு முறையைக் கொண்டுவர ரிசர்வ் வங்கி 2023 ஜனவரியில் கலந்தாய்வு அறிக்கையும், 2025 அக்டோபரில் வரைவு விதிகளும் வெளியிட்டது. 2027 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதும், மூலதன விகிதத்தில் விழும் அடியை 2031 மார்ச் வரை படிப்படியாக ஏற்கலாம் என்பதும் வரைவில் உள்ள யோசனை. கவனிக்க வேண்டியது, அப்போதும் வருவது ஒதுக்குக்கான முறை மட்டுமே. முழு இண்ட் ஏஎஸ் அல்ல. கும்பகோணத்தையும் தூத்துக்குடியையும் தலைமையிடமாகக் கொண்ட வங்கிகளையும் சென்னையின் வாகனக் கடன் நிறுவனங்களையும் ஒரே அட்டவணையில் அடுக்கி, ஒதுக்கு விகிதத்தை வைத்து யார் ஜாக்கிரதைக்காரர் என்று மதிப்பெண் போடும் பங்குத் தரகு அறிக்கைகள் வாரம் தவறாமல் வருகின்றன. எந்தத் தரநிலையில் போட்ட எண் என்று ஒரு வரி அடிக்குறிப்பு போடும் அறிக்கைகள் அவற்றில் அபூர்வம்.